பியோரியாவிலிருந்து ஒரு வாசகி

வாசகர் கடிதப் பக்கம் அச்சுக்குப் போக ஒரு மணி நேரம்தான் இருந்தது. கடிதம் ஒன்றுகூட வரவில்லை.

ஆசிரியர் லென்னி பிராஸெக் தலையைச் சொறிந்தார். சிகாகோவின் பெண் துப்பறிவாளர் ‘ஹேசல் வோகல்’தான் அவருடைய காமிக்ஸ். அவளை அச்சடித்த மூன்று பதிப்பகங்கள் வரிசையாகக் கடையைக் கட்டியிருந்தன. முதல் இதழ் என்றால் விற்கும் என்று ஒவ்வொருவரும் ஒன்றாம் நம்பரிலிருந்தே ஆரம்பித்ததில், ஹேசலுக்கு நாலு முதல் இதழ்கள் உண்டு, பத்தாம் இதழ் கிடையாது. இந்த நாலாவது பதிப்பகமும் கைவிட்டால் சீண்ட ஆளில்லை. கடிதப் பக்கம் காலியாகப் போனால், யாரும் படிப்பதில்லை என்று கடைக்காரர்கள் ஆர்டரைக் குறைத்துவிடுவார்கள்.

வேறு வழியில்லாமல் லென்னியே டைப்ரைட்டரில் உட்கார்ந்தார். பியோரியா நகரத்திலிருந்து திருமதி ஆக்னஸ் டட்டில் என்ற கற்பனை வாசகி, ‘குதிகால் உயர்ந்த செருப்போடு ஹேசல் கூரைமேல் ஓடுகிறாளே, உங்களில் யாராவது ஓடிப் பார்த்ததுண்டா?’ என்று காய்ச்சி எடுத்தாள்.

அவ்வளவுதான், மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்து விழுந்தது. பாதிப் பேர் டட்டில் அம்மா கட்சி, மீதிப் பேர் செருப்புக் கட்சி. ஆர்டர் இரண்டு மடங்கானது. முதலாளி மோர்ட் கிராஃப்டுக்குத் தலைகால் புரியவில்லை.

“லென்னி, ஜூலை காமிக்ஸ் விழாவுல அந்தம்மாவை மேடையேத்துறோம்!”

அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லென்னி அளந்துவிட்டார். மோர்ட் பூங்கொத்து அனுப்பினார். அந்த விலாசத்தில் அப்படி யாருமே இல்லை என்று அது திரும்பி வந்தது. வீடு மாறிவிட்டாள் என்றார் லென்னி.

“அவ்வளவுதானே? அந்தம்மாவைக் கொண்டுவர்றது என் பொறுப்பு. நீ கவலைய விடு.”

குட்டு உடைந்தால் கடைக்காரர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். ஹேசல் நாலாவது தடவையாகச் செத்துப்போவாள். அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

வியாழக்கிழமை காலை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதென்று மோர்ட்டின் அறைக்குள் நுழைந்தார். அங்கே நரைத்த தலையும் தட்டைச் செருப்புமாக ஒரு பெண்மணி காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“லென்னி, இவங்கதான் திருமதி டட்டில்!”

அந்த அம்மாள் கூசாமல் கைகொடுத்தார். செருப்பைப் பற்றி மறுபடியும் ஒரு பாட்டம் திட்டினார், விழாவுக்கும் சம்மதித்தார். மோர்ட் அந்த இடத்திலேயே ஹேசலுக்கு இன்னும் இரண்டு வருஷம் உறுதி கொடுத்தார். லென்னிக்கு அழுகையே வந்துவிட்டது.

லிஃப்ட் வரை கூடப் போனவர் குரலைத் தாழ்த்தினார். “அம்மா, சத்தியமாச் சொல்லுங்க. நீங்க யாரு?”

“உங்க முதலாளி அமர்த்தின துப்பறியும் ஆள் நான்தான், சார். இருபத்திரண்டு வருஷமாத் தொழில்ல இருக்கேன், தேடிப்போன ஆள் கிடைக்கலைன்னு ஒருநாளும் திரும்பினதில்ல. இந்த வயசுல பேர் கெடுமேன்னுதான், நானே வந்துட்டேன்.”