ஆறுமணிக் குருவியும் என் தொண்டையும்

பாசமிக்க மச்சானுக்கு, உன் அத்தான் காட்டுக்குள்ளிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அக்கா சுகம், எங்களைக் கடித்த அட்டைகளும் வயிறு நிறையச் சுகம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டும், அட்டை நீங்கலாக.

காரியத்துக்கு வருகிறேன். நீ உடனே உன் அக்காவிடம் எனக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். பறவை பார்க்க வந்த எங்கள் குழுவில் ஆறே பேர். மழைக்காலம் முடிந்ததும் இதே குழு இதைவிட அடர்ந்த காட்டுக்குப் போகிறது. உன் அக்காவுக்கு இடம் உறுதி. என்னைச் சேர்ப்பதா என்று கேட்டால் வழிகாட்டி ஆகாயத்தைப் பார்க்கிறார். அவள் காடு காடாகத் திரிய, நான் வீட்டில் பிரிட்ஜுக்குக் காவல் இருப்பதா? எனக்கும் குருவிப் பைத்தியம் பிடித்துவிட்டது, மச்சான்!

நடந்தது இதுதான். காய்கறி மார்க்கெட்டில் காலமெல்லாம் ஏலம் போட்ட தொண்டை என்னுடையது, நான் ரகசியம் சொன்னாலே நாலு கடை திரும்பிப் பார்க்கும் என்பது உனக்குத் தெரியும். முதல் நாள் காலையில் ஒரு மரத்தடியில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், வழிகாட்டி மெதுவாக "மூணு மணி" என்கிறார், நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், இன்னும் காலை டிபனே ஆகவில்லை, "மூணு மணி வரைக்குமா நிக்கணும்? சாப்பாடு இங்கேயே வந்துடுமா?" என்று கேட்டேன், அவ்வளவுதான், அந்த மரத்தில் இருந்தவை, பக்கத்து மரத்தில் இருந்தவை எல்லாம் ஒன்றுவிடாமல் கிளம்பிவிட்டன, எங்கள் குழுவில் வந்திருக்கும் பல் டாக்டரின் கேமராவில் வெறும் இலைதான் விழுந்தது. அப்புறம் உன் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள்: "அது நேரம் இல்லீங்க, திசை! நேர் எதிரே பன்னெண்டு மணி, வலது கைப்பக்கம் மூணு மணி, முதுகுக்குப் பின்னாடி ஆறு மணி. இனிமே வாயத் திறந்தீங்கன்னா உங்களை யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன்." அன்றிலிருந்து வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

இன்று காலை நடந்ததைக் கேள்! நாங்கள் வந்ததே ஒரே ஒரு குருவிக்காக. பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் ரத்தச் சிவப்பு. தரையில் சருகைக் கிளறிக்கொண்டே போகுமாம், கண்ணில் மட்டும் படாதாம். மூங்கில் புதருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். வழிகாட்டி திடீரென்று "ஆறுமணி! ஆறுமணி!" என்று கிசுகிசுத்தார். படித்த பாடம் மறக்குமா? சட்டென்று பின்பக்கம் திரும்பி பைனாகுலரைத் தூக்கினேன். அங்கே குருவியைக் காணோம், பின்னால் உட்கார்ந்திருந்த உன் அக்காவின் முகம்தான் கண்ணாடி முழுக்க இருந்தது. காலையும் மாலையும் ஆறு மணிக்குக் கூவுவதால் அந்தக் குருவிக்குப் பெயரே ஆறுமணிக் குருவி என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஊரெல்லாம் முன்னால் குருவியைப் பார்க்க, நான் பின்னால் அவளைப் பார்த்தேன். வாய் பாதி திறந்து, கண் நிறைய நீரோடு, சின்னப் பெண் மாதிரி இருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, மச்சான். வாயிலிருந்த கைக்குட்டை கீழே விழுந்துவிட்டது, எடுத்துத் திணிக்கக்கூடத் தோன்றவில்லை. குருவி போனதும் "பாத்தீங்களா?" என்றாள். "பாத்தேன், பாத்தேன், என்ன அழகு!" என்றேன். பொய் இல்லைதானே?

நான் குருவியைப் பார்க்கவில்லை என்பது உன்னோடு இருக்கட்டும், வழிகாட்டி காதுக்குப் போனால் என் கதை முடிந்தது. நீ உன் அக்காவிடம், "அத்தான் இப்பல்லாம் ரொம்ப அடங்கிட்டாராமே, கூட்டிட்டுப் போக்கா" என்று மட்டும் சொல்லிவை.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நல்ல படிப்பும், மெல்லப் பேசும் தொண்டையும் பெற்று நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
சத்தமே போடாத உன் அத்தான்

பின்குறிப்பு: பிழை இருக்கிறதா என்று எழுதியதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். வாய்விட்டுத்தான், வேறு எப்படி வாசிப்பதாம்? என் ஜன்னலுக்குக் கீழே, விடுதித் தோட்டத்தில் இன்னொரு ஆறுமணிக் குருவி வந்திருக்கிறது, குழு மொத்தமும் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. குருவி முதல் வரியிலேயே பறந்துவிட்டதாம். மற்றவர்கள் கடைசி வரி வரைக்கும் இருந்து கேட்டிருக்கிறார்கள். இப்போது உன் அக்கா வாசலில் நிற்கிறாள், முகம் சிவந்திருக்கிறது, கோபம் மாதிரியும் தெரியவில்லை. "அடுத்த தடவைக்கு ரெண்டு பேருன்னு வழிகாட்டிகிட்ட சொல்லிட்டேன். அதான் காட்டுக்கே ஏலம் போட்டாச்சே, இன்னும் என் தம்பிக்கு எதுக்குக் கடுதாசி?" என்கிறாள்.