வேன் வேண்டாம் அண்ணி

இயேசு மரி சூசை துணை

சிம்பாங் ரெங்கம்,
செவ்வாய்க்கிழமை

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய கெர்ட்ரூட் அண்ணி அவர்களுக்கு, உங்கள் காலஞ்சென்ற தம்பி தோமஸின் மனைவி செசிலி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கு என் கிட்னி இரண்டைத் தவிர மற்ற எல்லாம் சுகம். குளுவாங்கில் உங்கள் சுகத்துக்கும், உங்கள் முட்டியின் சுகத்துக்கும், உங்கள் மகன் பிரையன் புதிதாக வாங்கிய வேனின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஜெபத்துக்கு நடுவில் எதிர்த்துப் பேச எனக்குப் பயம்.

விஷயம் இதுதான். வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அந்த வேன்ல வந்து என்னை அள்ளிப் போட்டுக்கிட்டு, உங்க வீட்டுல வச்சு, உங்க தம்பி போய்வந்த அதே டயாலிசிஸ் சென்டர்ல சேர்க்கப் போறீங்களாம். கட்டில்கூட போட்டாச்சாம். நான் வரல அண்ணி. வீட்டுலயே டயாலிசிஸ் பண்ணிக்க என் வயித்துல டியூப் வச்சாச்சு. ரெண்டு மாசமா நானே ஒரு நாளைக்கு நாலு தடவை பழைய தண்ணிய வெளிய விட்டு, புது மருந்துத் தண்ணிய உள்ள ஏத்துறேன். ஆஸ்பத்திரியில டாக்டர், "வீட்டுல இத யாரு செய்வாங்க, யாரு இருக்கா?"ன்னு கேட்டாரு. "நான் இருக்கேனே"ன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு. நீங்க மட்டும்தான் இன்னும் எழுதிக்கல.

மருந்துத் தண்ணி முப்பது பெட்டி லோரியில வந்து இறங்கினப்ப பக்கத்து வீட்டு மூர்த்தி, "என்னக்கா, தண்ணி வியாபாரமா?"ன்னு கேட்டான். அவன் பரவாயில்ல, கேட்டான். நீங்க கேக்கவே இல்ல. போன மாசம் அவரோட வருஷ ஜெபத்துக்கு ஆளுங்க வந்திருந்தப்ப குழாயில தண்ணி நின்னு போச்சு. எனக்குத் தண்ணி மாத்துற நேரம். பிடிச்சு வச்சிருந்த ஒரே வாளியில கை கழுவி, மாஸ்க் போட்டு, காத்தாடிய நிறுத்தி, ரூம் கதவைச் சாத்திக்கிட்டேன். அரை மணி நேரம் கழிச்சு வெளிய வந்தா எல்லார் கையிலயும் தேத்தண்ணி. "தண்ணி ஏது அண்ணி?"ன்னா, "நீதான் பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருக்கியே, ரெண்டு பை வெட்டினேன், தண்ணியே இனிச்சுச்சு, சீனிகூட கம்மியாத்தான் போட்டேன்"னு சொன்னீங்க பாருங்க. நான் ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸிக்குப் போன் போட்டு, இதக் குடிச்சா என்னாகும்னு கேட்டேன். "ஆன்ட்டி, எத்தனை பேரு?"ன்னாங்க. "பாதரோட சேர்த்து இருபத்திரெண்டு"ன்னேன். ஒண்ணும் ஆகாது, இனிமே யாருக்கும் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டு வச்சாங்க. அது என்ன மார்க் தேயிலைன்னு அன்னைக்குக் குடிச்ச ராசம்மா இன்னைக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டிருக்கு. ஆனா புத்தி பேதலிச்சது எனக்காம், கோயில்ல நீங்க சொல்லியிருக்கீங்க.

நாலாம் வகுப்பு படிச்சவளுக்கு இதெல்லாம் வருமான்னும் கேட்டீங்களாம். வெளிய வந்த தண்ணிப் பைக்குப் பின்னாடி பேப்பரப் பிடிச்சுப் பார்க்கணும், எழுத்து தெரிஞ்சா நல்ல தண்ணி. என்ன எழுதியிருக்குன்னு புரியணும்னு யாரும் கேக்கல. மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு நாள் எழுத்து தெரியல. நான் யார்கிட்டயும் யோசனை கேக்கல. பையைத் தூக்கிக்கிட்டு மூர்த்தி கார்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். கிருமியாம். நல்ல வேளை நேரத்தோட வந்தீங்கன்னாரு டாக்டர். அந்த நேரம் உங்களுக்கும் போன் போட்டேன். நீங்க ஆயர் ஈத்தாம் ஊர்ல பூச்சட்டி பேரம் பேசிக்கிட்டிருந்தீங்க.

அவர் மூணு வருஷம், வாரத்துக்கு மூணு நாள், விடியுமுன்ன சென்டர் வேன்ல ஏறினாரு. போகும்போது ஆளாப் போவாரு, வரும்போது பிழிஞ்சு போட்ட சட்டையா வருவாரு. அவரும் வீட்டுலயே பண்ணிக்கிறேன்னு கேட்டாரே அண்ணி. டாக்டர் முன்னாடி "அதெல்லாம் வேணாம், சென்டர்தான்"னு அடிச்சுச் சொன்னது நீங்க. அவர் கேட்டது கிடைக்காம போனதுக்கு அவங்க அக்காதான் காரணம்னு நான் கோயில்ல, கல்யாண வீட்டுல, சாவு வீட்டுல, ஒரு இடம் விடாம சொல்லியிருக்கேன். இன்னொரு தடவை உங்க பேச்சுக்கு ஆட நான் தோமஸ் இல்ல.

மாதா உங்கள் முட்டிகளைக் காப்பாராக. பிரையனுக்கும் அவன் வேனுக்கும் என் ஆசீர். ஞாயிறு பூசை முடிந்ததும் வேனை நேரே உங்கள் வீட்டுக்கே விடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்
செசிலி

பி.கு: கவரை ஒட்டப் போனேன், முடியல. மேலே அவரைப் பத்திக் கடைசியா எழுதினது பாதிதான் நிஜம். டாக்டர் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி கேன்டீன்ல உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, "அந்த டியூபைப் பார்க்கவே என்னால முடியாது அண்ணி, நான் வேணாம்னா அவரு ஒடிஞ்சு போயிடுவாரு, நீங்க சொல்லிடுங்க"ன்னு கெஞ்சினது நான். நீங்க சொன்னீங்க. மூணு வருஷம் அவரு உங்ககிட்ட முகம் குடுத்துப் பேசல. நீங்க வாய் திறக்கல, நானும் திறக்கல. இப்ப தினம் நாலு தடவை அந்த டியூபைத்தான் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவ்வளவு கஷ்டமாவே இல்ல அண்ணி. அதுதான் தாங்கல. ஞாயித்துக்கிழமை இங்க பூசைக்கு வாங்க. வேன்ல ஏற மாட்டேன். ஆனா யார் யார்கிட்ட உங்களப் பத்திச் சொன்னேனோ அவங்க அத்தனை பேர்கிட்டயும் கெஞ்சினது நான்தான்னு திருப்பிச் சொல்லணும். பக்கத்துலயே நில்லுங்க, இல்லன்னா பாதியில மாத்திப் பேசிடுவேன்.