முழு விலையில் ஒரு கைதட்டல்

அமெரிக்காவில் எங்கள் கிளீவ்லாந்து நகரில் பனிக்கு அடுத்தபடியாக அதிகம் தென்படுவது மருந்துத் தள்ளுபடிச் சீர்திருத்தக்காரர். பார்த்திருப்பீர்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் காபி, வாயில் 'ஏழைகளுக்காக'.

ஏழைகள் வரும் மருத்துவமனைக்குக் கம்பெனிகள் குறைந்த விலைக்கு மருந்து தரவேண்டும் என்பது சட்டம். அதை மருத்துவமனைக்காரர்கள் முழு விலைக்கு விற்று மிச்சத்தை ஏழைகளுக்கே செலவிடுவார்கள் என்பது நம்பிக்கை. பணக்காரர்கள் வசிக்கும் புறநகரில் ஒரு கிளையும் அதன் வாசலில் ஒரு நீரூற்றும் முளைத்தன என்பது நடப்பு. இதைத் திருத்தப் பிறந்தவர் இவர். எப்படித் திருத்துவார்? கூட்டம் போட்டு.

என் தம்பி டெரன்ஸ் இந்த இனத்தில் முதல் தரம். அண்ணன் என்பதால் சொல்லவில்லை. 'ஏழை' என்ற சொல்லுக்கு அவன் எழுதிய விளக்கமே பதினோரு பக்கம். ஒரு கமா பிசகவில்லை, நானே சரிபார்த்தேன்.

கூட்டத்துக்கு முன் ஒரு நோயாளியைப் பேசவைப்பது இவர்கள் சடங்கு. சென்ற வியாழக்கிழமை மருத்துவமனை அரங்குக்கு வந்தவர் வெர்னிட்டா, பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். இன்சுலின் தீரப்போகிறதே என்று பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டிருந்தவர், கூப்பிட்டதே மருந்து தரத்தான் என்று நம்பி வந்துவிட்டார். உருக்கமாகப் பேசினார். கடைசியில் கேட்டார்:

"எல்லாம் சரி தம்பி, என் மருந்த எப்ப குடுப்பீங்க?"

அரங்கமே எழுந்து கைதட்டியது. டெரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கேள்வியை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தான். அது அடுத்த மாதம் கூடும்.

"அதுவரைக்கும் என் சர்க்கரையையும் காத்திருக்கச் சொல்லிட்டீங்களா?"

மறுபடியும் கைதட்டல்.

அவர் மருந்துக் கவுண்டருக்குப் போனார். பூட்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் மருந்தாளர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் வாங்கின விலைக்கே கொடுங்கள் என்றதற்கு, குழு அனுமதிக்க வேண்டும் என்றார் அவர்.

"குழு இங்கதானே உக்காந்திருக்கு?"

உட்கார்ந்துதான் இருந்தது. ஆனால் இந்த அனுமதி அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லையே! விதி விதிதான் என்று தம்பி பணிவோடு எடுத்துச் சொன்ன அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வெர்னிட்டாவின் பேச்சு உங்களுக்கும் பிடித்திருக்கும். நாளை யாரிடமாவது சொல்லிச் சிரிப்பீர்கள். நல்லது. ஆனால் அவருக்கு மருந்து கிடைத்ததா என்று இதுவரை கேட்டீர்களா? கூட்டம் முடிந்து கவுண்டர் திறந்ததும் முழு விலை கொடுத்து, கையிலிருந்த காசுக்கு எட்டிய அளவு, ஒரு வாரத்துக்கு வாங்கிப் போனார்.

கேட்கத் தோன்றவில்லையா? கவலை வேண்டாம். துணைக்குழுவில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது; தம்பியிடம் நான் சொல்லிவைக்கிறேன்.