பதினோரு மாப்பிள்ளையும் ஒரு வைரஸும்

என்னிடம் யாராவது ஆலோசனை கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிற சுபாவம்; கேட்டுவிட்டாலோ, சொல்லவே வேண்டாம். இந்த ஒரே பலவீனத்தால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் அப்பாவின் மானமும் என் கல்யாணப் பேச்சும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தி சிரிக்கப் பார்த்தன.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில், உழவர்கரையில், எங்கள் காலனியிலேயே கம்ப்யூட்டர் இருந்த ஒரே வீடு எங்களுடையது. அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். நான் ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். என்ன பாடம் என்று கேட்டால் இன்றைக்கும் வாய் குழறும்: ‘இணையத்தில் பாதுகாப்பாக இருப்பது எப்படி?’ (சிரிக்காதீர்கள். இதற்கே சிரித்துவிட்டால் மிச்சத்துக்கு என்ன செய்வீர்கள்?)

வீட்டில் பாதுகாப்புக்குக் குறைவே இல்லை. மானிட்டருக்கு அம்மா தைத்த பூப்போட்ட உறை. அறைக்குள் செருப்பு கூடாது. பக்கத்தில் யாராவது தும்மினால் நான் முறைப்பேன். ஆன்டிவைரஸ்கூட இருந்தது. அதை ஓடவிட்டால் மெஷின் ஆமையாக நகர்கிறது என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். வாட்ச்மேனை வேலைக்கு வைத்துவிட்டு, ரொம்ப இருமுகிறார் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்ட கதை.

அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாதகமும் போட்டோவும் இ-மெயிலில் வரத் தொடங்கியிருந்த காலம். வந்ததையெல்லாம் ஒழுங்காக எழுதி வைக்கும்படி அப்பா சொன்னார். பெயர், ஊர், வேலை, நட்சத்திரம் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டி வைத்தேன். யாரும் கேட்காமலேயே கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அதில்தான் என் மேதாவிலாசம் முழுவதையும் கொட்டியிருந்தேன். ‘பிரான்சு மாப்பிள்ளை. காருக்கு முன்னால் நிற்கிறார். கார் அவருடையதாகத் தெரியவில்லை.’ ‘மீசை உண்டு. வேறு விசேஷம் இல்லை.’ இப்படிப் பதினோரு பேர். எனக்கென்ன, பெரிய உலக அழகி என்று நினைப்பு.

பதினோரு வீட்டில் அப்பா மனதுக்குப் பிடித்தது முதலியார்பேட்டை வீடு. பையன் செந்தில் சென்னையில் வேலை பார்த்தான். அவன் அப்பா ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். முந்தைய வாரம் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பதில் வர வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது. அதை வெளியில் காட்டுவேனா?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், “முதலியார்பேட்டைக்காரங்க ஏதாச்சும் போட்டிருக்காங்களான்னு பாரும்மா” என்றார் அப்பா. மோடம் கீச்கீச்சென்று கத்தி இணைந்தது. அவர்களிடமிருந்து ஒன்றும் இல்லை. என்னிடம் படித்த ஒரு பெண்மணியிடமிருந்து ஒரு மெயில் இருந்தது: ‘உங்கள் ஆலோசனையை வேண்டி இந்தக் கோப்பை அனுப்புகிறேன்.’

ஆலோசனை! தெரியாத இணைப்பை, தெரிந்தவர் அனுப்பினாலும், விசாரிக்காமல் திறக்கக் கூடாது என்று வாரத்துக்கு மூன்று முறை கரும்பலகையில் எழுதிப் போடுகிற கை, ஒரு நொடி தாமதிக்கவில்லை. திறந்தேன். ஏதோ பலசரக்குப் பட்டியல் வந்தது. தவறான கோப்பை அனுப்பிவிட்டார் போலிருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மோடம் விளக்கு இன்னும் கண்ணடித்துக்கொண்டிருந்தது. நான் எதையும் அனுப்பவில்லை. அது பாட்டுக்கு எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது. வயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய கையோடு போன் அடித்தது. லாஸ்பேட்டை பெரியப்பா.

“இன்னாம்மா அமுதா, எங்கிட்ட ஆலோசனை கேட்டு பிரெஞ்சுல எழுதியிருக்க? எழுத்துக்கு மேல கொம்பும் புள்ளியுமா கீது. கட்டம் கட்டமா வேற போட்டிருக்க.”

கட்டம் என்று கேட்டதும் ஈரத்தலையோடு எனக்கு வியர்த்தது. அந்த வைரஸின் வேலையே இதுதான்: கம்ப்யூட்டரில் கிடைக்கிற ஒரு கோப்பை எடுத்து, முகவரிப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ‘உங்கள் ஆலோசனையை வேண்டி’ அனுப்பிவிடும். என் பட்டியலில் இருந்தது யார்? அந்தப் பதினோரு வீடும்தான்.

அடுத்த நிமிடமே நிம்மதி வந்தது. அந்தக் காலத்தில் தமிழுக்கு ஊருக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு எழுத்துரு. என்னிடம் இருந்த எழுத்துரு அவர்களிடம் இல்லையென்றால் என் தமிழ் வெறும் கொம்பும் புள்ளியும்தான். கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று முதலியார்பேட்டைக்கு போன் போட்டேன். செந்திலின் அம்மா எடுத்தார்.

“வந்துச்சும்மா. எங்க வூட்டுக்காரரு மொதல்ல பிரெஞ்சுன்னு நெனச்சி, எதிர்வீட்டுல பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த பெரியவருகிட்ட காட்டுனாரு. அவரு அரை மணி நேரம் பாத்துட்டு, இது பிரெஞ்சு இல்ல, தான் சண்டைக்குப் போன சைகோன் ஊரு பாஷைன்னுட்டாரு. அதான் பிளாப்பியில ஏத்திக்கினு காந்தி வீதி டி.டி.பி. சென்டருக்குப் போயிருக்காரு. வந்த கடுதாசியப் படிக்காம வுட மாட்டாரும்மா, முப்பது வருசம் தபால் ஆபீசு!”

டி.டி.பி. சென்டர்! கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அந்த இடத்தில் இல்லாத தமிழ் எழுத்துருவே கிடையாது.

மொபெட்டை எடுத்தேன். ஒன்றும் புரியாமல் அப்பா பின்னால் ஏறிக்கொண்டார். வழியில் சொல்ல வேண்டியதாயிற்று.

“அப்பா, குறிப்புன்னு ஒரு கட்டம் போட்டிருந்தேன்.”

“ராசிப் பலனா?”

“இல்லப்பா. அவங்க வீட்டம்மா கேசரி சாப்பிட்டத எழுதினேன்.”

“இன்னும் வேகமாப் போம்மா” என்றார் அப்பா. காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. நைட்டிக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் நடுவில் மொபெட் நுழையவில்லை. அதை ஓரமாகப் போட்டுவிட்டு ஓடினோம்.

போஸ்ட் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். சென்டரை நடத்துகிற அக்கா ஒவ்வொரு எழுத்துருவாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் இன்னும் கொம்பும் புள்ளியும்தான். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

“வாம்மா! நல்ல நேரத்துக்கு வந்த. நீயே தொறந்து குடு” என்றார் போஸ்ட் மாஸ்டர்.

“சார், அது வைரஸ் சார். தானா வந்தது. தொட்டா இவங்க மெஷினே போயிடும்” என்றேன். நான் வாழ்க்கையில் இவ்வளவு உண்மையை இவ்வளவு கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை.

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எங்க மெஷினா போவும்? நாங்க ஆன்டிவைரஸ தெனம் அப்டேட் பண்றோம்மா. நிறுத்தறதே இல்ல. உள்ள வரும்போதே புடிச்சி எடுத்துடுச்சி. ஃபைலு மட்டும் சுத்தமா கீது, பாரு.” சொல்லிக்கொண்டே அடுத்த எழுத்துருவைத் தட்டினார்.

தமிழ் வந்தது. பளிச்சென்று, ஒற்றுக்கூடத் தவறாமல் வந்தது. ஆன்டிவைரஸ் ஒழுங்காக வேலை செய்தால் என்ன ஆகும் என்று இரண்டு வருடம் பாடம் எடுத்த நான், அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். போஸ்ட் மாஸ்டருக்குச் சத்தமாகப் படித்தால்தான் படித்த மாதிரி. பிரான்சு மாப்பிள்ளையின் கார் வந்தபோது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மீசை வந்தபோது பக்கத்தில் பத்திரிகை அடிக்க வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஏழாவது வரிசைக்கு வந்தார்.

“போஸ்ட் மாஸ்டர் வீடு, முதலியார்பேட்டை. அப்பா இரண்டு மணி நேரம் பேசினார். நிறுத்துவதற்கு ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை...”

குரல் நின்றது. மிச்சத்தை வாய்க்குள்ளேயே படித்தார். அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது ‘பெண்ணுக்கு என்ன போடுவீங்க’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அப்பாவிடம் மில் வேலையைப் பற்றி அவ்வளவு மரியாதையாக விசாரித்தார். அதைத்தான் நான் ஸ்விட்ச் இல்லாத பேச்சு என்று எழுதியிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவமானத்தில் பாதி, இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போகிறதே என்ற துக்கத்தில் பாதி.

அவர் வாய்க்குள் படித்த மிச்சம் இதுதான்: ‘அம்மா கேசரியை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரை குறைவு என்றார். பையன்: அப்பா பேசும்போது என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தான். இவன் சரி. ஆனால் கேட்டவுடன் தலையாட்டக் கூடாது. இரண்டு நாள் கழித்து ஆட்ட வேண்டும்.’

கடைசி வரிசை வரை கண்ணை ஓட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார்.

“ரெண்டு நாள் எதுக்கும்மா?”

நான் தரையைப் பார்த்தேன். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

“பதினோரு பேருல எம் பையன் ஒருத்தன்தான் ஒங்கிட்ட தப்பிச்சிருக்கான். இப்பவே ஆட்டிடு.”

ஆட்டினேன். டி.டி.பி. சென்டரில், ஈரத்தலையோடு, முன்பின் தெரியாத நான்கு பேர் முன்னிலையில்.

அவர் மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, கேசரி வரியை மட்டும் கச்சிதமாக வெட்டிக் கிழித்துக் கூடையில் போட்டார். “இது வூட்டுக்குத் தெரிய வேணாம்” என்றார். (இதைப் படித்தால் என் மாமியாருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும், இருபது வருடம் ஆகிவிட்டது.) பிறகு, “ஆலோசனை கேட்டிருந்தியே, சொல்றேன். இனிமே இந்த மாதிரி எழுதறத நோட்டுல எழுது. நோட்டு தானா எங்கயும் போவாது” என்றார்.

மற்ற வீடுகளுக்கு அப்பா ஒவ்வொன்றாக போன் போட்டு ‘வைரஸ்’ என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். நான் அன்று சாயங்காலமே ஆன்டிவைரஸை ஓடவிட்டேன். ஆமையாகவே நகரட்டும் என்று விட்டுவிட்டேன். ஆறு மாதத்தில் கல்யாணம். அன்றிலிருந்து என் மாமனார் நான் அனுப்புகிற எதையும் விசாரிக்காமல் திறப்பதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு முன்னறையிலிருந்து குரல் கொடுப்பார்: “அமுதா, இது நீ அனுப்புனதா, தானா போச்சா?” வீட்டில் இப்போது எல்லோருமே இதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கோபத்தில் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டால் செந்தில் கேட்பதும் இதைத்தான்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாத்தனார் புதுப் புடவையில் போட்டோ போட்டிருந்தாள். கை சும்மா இருக்குமா? ‘கலர் சுமார்’ என்று போட்டுவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“அமுதா! நீ அனுப்புனதா, தானா போச்சா?”

“தானா போச்சு மாமா!”

சொல்லிவிட்டு, எல்லோருடைய போனிலிருந்தும் அதை அழித்தேன். இப்போதெல்லாம் அந்த வசதி வந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் அது இருந்திருந்தால், எனக்கு இந்த வீடு கிடைத்திருக்காது.