பரிசலுக்கு நம்பர் போட்ட கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். முல்லையாத்தங்கரையில கேட்பாரில்லாமக் கெடக்குற பரிசலையெல்லாம் காலி பண்ணணும்.

நான் அப்ப எங்க ஊருக்கு ஆக்டிங் தலையாரி. போன மழையில ஒரு பரிசல் மெதந்து போயி வாய்க்கா மதகுல அடைச்சுக்கிருச்சு. பாதி வயலுக்குத் தண்ணி ஏறல. மனு மேல மனு போயி, வெள்ளிக்கிழமை தாசில்தாரே பார்க்க வாராகன்னு தகவல் வந்துச்சு. அதுக்குள்ள கரை சுத்தமா இருந்தா வேலை நிரந்தரம், இல்லாட்டி வேற ஆளுன்னு கணக்கப்பிள்ளை சொல்லிட்டாக.

எனக்குக் கல்யாணமாகி மூணு மாசம். வேலை போச்சுன்னா மாமனார் தோட்டத்துல மம்பட்டி பிடிக்கணும். அத நெனச்சாலே எனக்குக் காய்ச்சல் வந்துரும்.

தண்டோரா போட்டேன். ஒருத்தரும் வரல. வீடு வீடாப் போயிக் கேட்டேன். நம்மளுது இல்லப்பான்னு எல்லாரும் கையை விரிச்சாக. ஒரு பரிசல்ல கோழி அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு. கோழி என்னுது, பரிசல் யாருதுன்னு தெரியாதுன்னு ஒரு ஆளு சத்தியமே பண்ணுனாரு.

சரி, எண்ணி லிஸ்டு எழுதி ஏலம் விட்டுருவோம்னு, தாரைக் காய்ச்சி ஒண்ணுல இருந்து பதினொண்ணு வரைக்கும் நம்பர் போட்டேன். சனியன வெத்தலை பாக்கு வச்சு அழைச்சது நாந்தான்.

மறுநா காலையில போனா, பதினெட்டு பரிசல் கெடக்கு!

மத்தியானம் இருவத்தாறு. உத்தமபாளையத்துல புளி யாவாரம் பண்ற ராவுத்தர், மாட்டு வண்டியில ரெண்டு பரிசல ஏத்திக்கிட்டு வந்து எறக்குறாரு. என்ன மாமா இதுன்னேன்.

"புறம்போக்குல சர்க்கார் நம்பர் விழுந்தா அடுத்தது பட்டாதான மாப்ள? எங்கத்தா தென்னந்தோப்பு அப்படித்தான் வாங்குனாக. பரிசல் நிக்கிற எடம் நமக்குத்தான்."

இது நெலம் இல்ல, பரிசலுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவரு தலையை ஆட்டிக்கிட்டே, நம்பரக் கொஞ்சம் பெருசாப் போடுன்னாரு.

மாட்டேன்னு சொன்னா, நான் ஆளு பார்த்துப் போடுறேன்னு சண்டைக்கு வாராக. மேலத்தெரு சீனியம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டுற மரத்தொட்டியத் தூக்கிட்டு வந்துட்டாக. இது பரிசல் இல்ல ஆத்தான்னேன்.

"ஏலே, தண்ணியில விட்டா மெதக்கும்ல? போடு நம்பர."

பயந்துபோயி, போட்ட நம்பர் மேலெல்லாம் குறுக்குக்கோடு போட்டு அடிச்சேன். அடிச்சது விசாரிச்சு முடிச்ச நம்பராம்! இன்னும் கூட்டம் கூடிருச்சு. எனக்கும் கோடு போடுன்னு அடிக்காத குறைதான். வேற வழியில்லாம நம்பரும் கோடுமாப் போட்டுக்கிட்டே வந்தேன்.

வரிசைக் கடைசியில பார்த்தா என் பொஞ்சாதி. இடுப்புல சீரா வந்த பித்தளை அண்டா.

"ஊருக்கெல்லாம் போடுறீக. நம்ம வீட்டுக்கு ஒண்ணு கெடையாதா?"

போட்டேன். நம்பர் அம்பத்திரெண்டு. போடாம வீட்டுக்குப் போக எனக்கு மட்டும் தைரியமா இருக்கு?

வெள்ளிக்கிழமை தாசில்தார் வந்தாக. கரையில கால் வைக்க எடமில்ல. இதெல்லாம் யாருதுன்னு அதட்டுனாக. மொத்த ஊரும் கையெடுத்துக் கும்பிட்டு எங்களுதுதாங்கன்னு சொல்லிருச்சு.

எனக்கு உசுரு வந்துச்சு. எஜமான், சொந்தக்காரக ஒத்துக்கிட்டாக, இப்பவே எடுத்துட்டுப் போகச் சொல்லிருவோம்னு முந்திக்கிட்டேன். எடுங்கன்னாக தாசில்தார். ஒருத்தரும் அசையல.

ராவுத்தர்தான் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு முன்னால வந்தாரு. "சர்க்கார் நம்பர் போட்ட சாமானுங்க. பட்டா கையில வராம நாங்க எப்படித் தொடுறது?"

தாசில்தார் என்னைப் பார்த்தாக. தார்ச்சட்டியப் பார்த்தாக. மேல எழுதி விசாரிக்கணும், அதுவரைக்கும் ஒரு சாமானையும் யாரும் தொடக்கூடாது, காவலுக்கு இந்தத் தலையாரியவே நிரந்தரமாப் போடுங்கன்னு உத்தரவு எழுதிட்டுக் கெளம்பிட்டாக.

ஆச்சு, ஆறு வருசம். விசாரணை முடியல. வேலைக்கு ஒரு கொறையும் இல்ல. வீட்டுல வெந்நிதான் இன்னும் சோத்துப் பானையில வைக்கிறோம். அண்டா சர்க்கார் காவல்ல இருக்கு, காவக்காரன் நான் ரொம்பக் கண்டிப்பு.