தண்டையலின் இரண்டு குளிசைப் போத்தல்கள்

உண்மையைச் சொன்ன மனிதரோடு கோபித்துக்கொள்ளலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

கொழும்புத்துறையில், உயிரோடு இருந்தபடியே தன் வீட்டுக்கு இழவு கேட்க ஆட்களை வரவழைத்தவர் எங்கள் பக்கத்து வீட்டுத் தண்டையல் ஒருவர்தான். பாய்க்கப்பல் ஓட்டியவர் என்பதால் அந்தப் பெயர். முப்பது வருடமாகத் தொய்வு நோய். அவர் மூச்சு இழுப்பது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். என் ஐந்து வயது மகளுக்கும் அதே வருத்தம்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் தொய்வுக்குப் புது மருந்தொன்றைப் பரிசோதித்தார். ஆளுக்கு இரண்டு போத்தல் குளிசை, மாதத்துக்கு ஒன்று. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் மா. எது எதுவென்று சொல்லமாட்டார்கள். தினமும் ஒரு குழாயில் ஊதி அளவை எழுத வேண்டும்.

தண்டையலும் பேர் கொடுத்தார். ஆனால் அவருக்குக் குழாயில் நம்பிக்கையில்லை. கப்பலில் வைத்திருந்த சங்கை எடுத்து, விடியவே முற்றத்தில் நின்று ஊதினார். எங்கள் பக்கம் காலையில் வீட்டில் சங்கு கேட்டால் செத்தவீடு. பத்துப் பேர் ஓடிவந்தார்கள், ஒரு மாமி அழுதுகொண்டே.

"ஆர் மோசம் போனது?"

"ஒருத்தரும் இல்லை. நான் மூச்சு அளக்கிறன். நாளைக்கும் ஊதுவன். நாளைக்கும் அழுவியளோ?"

மாமி கண்ணைத் துடைத்தார். "வந்தது வந்திட்டம், தேத்தண்ணியெண்டாலும் போடுங்கோ."

அன்றுமுதல் அடுப்படியில் நின்று நான் எண்ணினேன். ஆறு எண்ணும்வரை கேட்ட சங்கு, முதல் மாதத்தில் பதினாறுக்கு ஏறியது. இரண்டாம் போத்தலில் திரும்பவும் ஏழு. முதற்போத்தல்தான் மருந்து, நல்ல மருந்து என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அடுத்ததாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்போவதாக டொக்டர் எனக்கும் ஒரு சம்மதப் படிவம் தந்திருந்தார். பேனையை எடுத்தேன்.

தண்டையல் வேலியால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, கொஞ்சம் பொறு. முதல் மாதம் நல்லூர்த் திருவிழா."

"அதுக்கென்ன ஐயா?"

"இருபத்தைஞ்சு நாளும் நான் சுருட்டுத் தொடுறேல்லை. கொடி இறங்கினவுடனை பத்தவைச்சிட்டன். நெஞ்சைத் திறந்தது மருந்தோ, முருகனோ, ஆர் கண்டது?"

"டொக்டரிட்டைச் சொன்னனீங்களோ?"

"சொன்னால் பேரை வெட்டிப்போடுவாரே!"

மறுநாள் அவரே பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பேரை வெட்டிவிட்டார்கள். மருந்து நல்லதென்று தெரிந்தால் முதலில் தனக்குக் கிடைக்குமென்று காத்திருந்த மனிதர்.

"ஏன் ஐயா சொன்னனீங்கள்?"

"சின்னப் பிள்ளையின்ரை நெஞ்செல்லோ அது."

சுருட்டை மட்டும் விடவில்லை. ஆனால் புகை என் மகளிடம் வரக்கூடாதென்று, இப்போது பற்றவைக்கக் கடற்கரைவரை நடக்கிறார். அந்த நடைக்கே அவருக்கு மூச்சு முட்டுகிறது.

படிவம் இன்னும் மேசையில் கிடக்கிறது. தொய்வுப் பிள்ளையை இப்படியொரு பரிசோதனைக்கு விட்ட தாய்மார் யாராவது இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்: நான் கையெழுத்து வைக்கலாமா?