ஏலத்துக்குப் போன கல்யாணப் பட்டு

ஹாலிஎல,
மேல்கணக்கு, மூன்றாம் லயம்.
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் அழகுமுத்து அவர்கள் சமுகத்துக்கு,

தங்கள் அக்காள் கருப்பம்மாளின் கணவனும், தேயிலைப் பெக்டரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவனும், நம் மாரியம்மன் கோயில் பொருளாளருமாகிய இராமையா எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காளும் மகள் விஜயலெட்சுமியும் இரண்டு ஆடுகளும் ஆத்தாள் புண்ணியத்தில் சுகமாய் இருக்கிறோம். வத்தளையில் தாங்களும் வீட்டாரும் தங்கள் சாப்பாட்டுக் கடையும் அவ்வண்ணமே இருக்க வேண்டும். சுகமாய் இருக்கிறோம் என்று மரியாதைக்காக எழுதினேன். நான் சுகமாய் இல்லை.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நம் தோட்டத்து லய வீட்டுக்காரர்களுக்குக் கோயில் பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று பேசினால் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற அத்தனை பெண்களுக்கும் கேட்கும். அதில் ஒருத்தியாவது தங்கள் அக்காளிடம் சொல்லாமல் விடுவாளா? ஆகவேதான் கதவைச் சாத்திக்கொண்டு கடிதம்.

ஆண்டுதோறும் திருவிழா முடிந்ததும் ஆத்தாளுக்குச் சாத்திய சேலைகளைக் கோயில் வாசலில் வைத்து நாம் ஏலம் விடுவது தங்களுக்குத் தெரியும். தாங்களே சின்ன வயதில் எல்லோருக்கும் மேலாகக் கூவி ஏலம் கேட்டுவிட்டு, கையில் காசில்லாமல் மாட்டுப்பட்டிக்குள் ஒளிந்தவர்தான். அந்த ஏலத்தை இந்த வருஷம் போனுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வைத்தவன் என் தங்கச்சி மகன் ஜெயரூபன், கோயில் செயலாளர், பட்டதாரி. பதுளையில் ஏதோ ஒரு அபிவிருத்தித் திட்டத்துக்காரர்கள் கூட்டம் வைத்தார்கள், கோயில் கமிட்டியோடு நானும் போனேன். ஒரு அம்மா பலகையில் பெரிதாய் வட்டம் போட்டு, பொருளை வீசாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் வட்டப் பொருளாதாரம், அதை இணையத்தில் வைத்தால் பண்பாடும் வளரும், சுற்றுலாவும் வளரும், பெண்களுக்குத் தொழிலும் கிடைக்கும் என்றார். நான் எழுந்து, “அம்மா, இந்த வட்டத்துல பொருளாளர் எங்க நிக்கணும்?” என்று கேட்டேன். “நடுவுல நில்லுங்க ஐயா” என்றார். அன்றைக்கு நின்றவன்தான் மச்சான், இன்னும் வெளியே வர வழி தெரியவில்லை.

நல்ல சேலைகள் ஏலத்துக்குப் போகின்றன. கிழிந்தது, சாயம் போனதையெல்லாம் தங்கள் அக்காள் தலைமையில் ஏழெட்டுப் பெண்கள் பையாகவும் காற்சட்டையாகவும் தைக்க, எல்ல ஊரைச் சுற்றிப் பார்க்க ரயிலில் வருகிற வெள்ளைக்காரர்கள் போனிலேயே பார்த்து வாங்குகிறார்கள். பை என்று சொன்னார்கள், காற்சட்டை என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. போன மாதம் ஹாலிஎல ஸ்டேஷனில் நிற்கிறேன், ரயிலில் இருந்து நெட்டையாய் ஒரு வெள்ளைக்காரன் இறங்குகிறான், அவன் இடது காலில் நம்ம ஆத்தா! ஆடிப்பூரத்துக்கு நானே கையால் எடுத்துக் கொடுத்த மஞ்சள் சேலை, அதே சிவப்புக் கரை! பழக்கதோஷம் மச்சான், செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, “ஆத்தா, தாயே” என்று அவன் முழங்காலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு மூட்டையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அவனும் கன்னத்தில் போட்டுக்கொண்டு என் இடுப்புச் சாரத்தைக் கும்பிட்டான். ஸ்டேஷனே பார்த்தது.

வீட்டுக்கு வந்து தங்கள் அக்காளைப் பிடித்துக் கத்தினேன். அவள் தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. “ஒங்க இடுப்புல இருக்குற சாரம் மட்டும் என்னவாம்? போன வருஷம் சாமிக்குத் திரையாத் தொங்குனதுதானே. நாந்தான் மூட்டித் தந்தேன். அத யாரு கேட்டா?” என்றாள். குனிந்து பார்த்தேன். அட ஆமாம். வெள்ளைக்காரன் கும்பிட்டதில் தப்பே இல்லை.

அது ஆறுவதற்குள் அடுத்தது. வந்து போகிறவர்கள் போனில் நட்சத்திரம் போடுகிறார்களாம். ஐந்துக்கு எத்தனை என்று கணக்காம். நம் ஆத்தாளுக்கு நாலரை! அம்மை போட்ட ஊரையே காப்பாற்றியவளுக்கு நாலரை! கமிட்டி அவசரக் கூட்டம் போட்டது. பூசாரி அழுதேவிட்டார். “எம் பூசையில என்னய்யா கொறையக் கண்டாங்க?” ஜெயரூபன் வாசித்துச் சொன்னான், கோயில் பாதையில் அட்டை கடித்ததால் ஒரு வெள்ளைக்காரம்மா குறைத்துப் போட்டிருக்கிறாராம். அன்றிலிருந்து பூசாரி அபிஷேகத்துக்கு முன்னால் உப்புப் பொட்டலத்தோடு படி படியாக அட்டை தேடிக்கொண்டிருக்கிறார், பூசை நேரத்துக்கு நடப்பதில்லை. ஆனால் பொய் சொல்லக்கூடாது, தைக்கிற பெண்கள் கையில் காசு புழங்குகிறது. ஒழுகுகிற கோயில் கூரைக்குத் தகரம் வாங்கவும் பணம் சேர்கிறது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். இப்போது நடந்திருப்பதை எப்படித் தாங்குவது?

கோயில் ஒழுகுவதால் ஆத்தாள் சேலைகள் நம் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் இருக்கும். தங்கள் அக்காள் தையலுக்குப் போயிருந்த நேரம் ஜெயரூபன் படம் எடுக்க வந்தான். நான் பொருளாளர் தோரணையில் பெட்டியோடு தூக்கிக் கொடுத்து, “எல்லாம் ஆத்தாளோடதுதான், கொண்டு போ” என்று வாயாலும் சொன்னேன். அடுத்த வாரம் என்னைப் பாறைக்குக் கூட்டிப்போய்ப் போனைக் காட்டினான். “மாமா, இந்தச் சேலைக்குத்தான் நல்ல கிராக்கி.” பார்த்தேன். கத்தரிப்பூ நிறம். மாங்காய்க் கரை. முந்தானையில் சின்னதாய் ஒரு பொத்தல். எங்கள் கல்யாணத்தில் ஓமப்பொறி விழுந்த அதே பொத்தல்! மச்சான், அது உன் அக்காளின் கல்யாணப் பட்டு! என் தாயார் பதுளை அஸீஸ் முதலாளி கடையில் எடுத்து, பஸ் ஓடாத அன்றைக்கு அடைமழையில் தலையில் சுமந்து வந்த பட்டு! வீட்டில் ஈரம் ஏறாத இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான் என்று உன் அக்காள் அதை ஆத்தாள் சேலைகளுக்கு நடுவே மடித்து வைத்திருக்கிறாள். படத்துக்குக் கீழே, “அம்மன் உடுத்திய அரிய பழம்பட்டு, பொத்தலுக்கு உத்தரவாதம்” என்று எழுதி வைத்திருக்கிறான் படுபாவி.

“எடுத்துருடா அத!” என்றேன். “அதெப்படி மாமா? ஏலம் ஓடிக்கிட்டு இருக்கு. நடுவுல எடுத்தா நம்ம கடையவே மூடிருவாங்க. அதோட, ஆத்தாளோடதுன்னு நீங்கதானே வாயால சொன்னீங்க?” என்றான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஆத்தாள் பேரைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அது யார் பொருளானாலும் ஆத்தாளுடையது, ஏலத்தில் கேட்டுத்தான் திருப்பி எடுக்க வேண்டும். நம் கோயில் வழக்கம் உனக்கே தெரியும். பொருளாளரே அதை மீறினால் நாளைக்கு ஊரில் தலைகாட்ட முடியுமா? ஆனால் தை மாதம் விஜயலெட்சுமிக்குக் கல்யாணம். அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டுதான் மகளைக் கைபிடித்துக் கொடுப்பேன் என்று உன் அக்காள் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அன்றைக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தால் அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? அதை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஆகவே நானே ஏலத்தில் இறங்கிவிட்டேன். ஜெயரூபன் தன் பழைய போனைக் கொடுத்து, இங்கே அமுக்கினால் விலை ஏறும் என்றான். அமுக்கினேன். உடனே எவனோ ஒருவன் எனக்கு மேல் கேட்டான். பேரில்லை, ஊரில்லை, எண்பத்தெட்டு என்று நம்பர் மட்டும். நான் விட்டேனா? காலையில் நான் பாறைக்குப் போய் ஏற்றினால் சாயந்திரம் அவன் ஏற்றுகிறான். ஞாயிற்றுக்கிழமை விலை ஒரு ஆட்டைத் தாண்டியது. நேற்று இரண்டாவது ஆட்டின் பின்னங்கால் வரைக்கும் வந்துவிட்டது. என்னிடம் மூன்றாவது ஆடு இல்லை. நாளை சாயந்திரத்தோடு ஏலம் முடிகிறது என்றும் ஜெயரூபன் சொல்கிறான்.

ஒரே ஆறுதல், உன் அக்காளுக்கு ஒன்றும் தெரியாது. பாவம், முன்னெப்போதும் இல்லாத அன்பாய் இருக்கிறாள். கருவாடு பொரித்து வைக்கிறாள். “என்னங்க இப்புடி எளச்சுட்டீங்க?” என்று கேட்கிறாள். சாயந்திரமானால் விறகு பொறுக்கப் போகிறேன் என்று பாறைப் பக்கம் போகிறாள், வெறுங்கையோடு திரும்பி வருகிறாள். வயதாகிவிட்டது, விறகு கண்ணுக்குத் தெரிவதில்லை போலிருக்கிறது. கொழுந்துப் பெண்கள் மட்டும் என்னைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஸ்டேஷன் கதை பரவியிருக்க வேண்டும்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம் இதுதான். அந்த எண்பத்தெட்டு வத்தளைப் பக்கத்து ஆளாம். ஜெயரூபன் அவ்வளவுதான் சொல்வான், மற்றது ரகசியமாம். வத்தளையில் உன் கடைக்குச் சாப்பிட வராதவன் யார்? விசாரித்துப் பிடி. பிடித்துச் செவிட்டில் நாலு வை. அடுத்தவன் பொண்டாட்டி சேலைக்கு அலையுறானே, கட்டையில போறவன், அவனுக்கெல்லாம் அக்கா தங்கச்சி இல்லையா? அந்த விளங்காதவனுக்குக் கடை கண்ணி இருந்தால் அதில் ஈ கூட உட்காராமல் போகட்டும். அமுக்குகிற விரல் அழுகிப் போகட்டும். நான் ஒருத்தரையும் வாய் திறந்து திட்டாதவன் என்பது உனக்குத் தெரியும், என்னையே இப்படி எழுத வைத்துவிட்டான் என்றால் பார்த்துக்கொள்.

மற்றப்படி தங்கள் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எனது அன்பான ஆசிகள். தங்கள் கடையில் அடுப்பு அணையாமலும் பானை காயாமலும் ஆத்தாள் பார்த்துக்கொள்வாளாக.

இப்படிக்கு,
நடுவட்டத்தில் நிற்கும்
இராமையா, கோயில் பொருளாளர்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போன நேரம் ஜெயரூபன் வந்தான். தபால் முத்திரை கேட்டேன், கடிதத்தை வாங்கி வாசித்தான், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான். “மாமா, இது தபால்ல போய்ச் சேர்றதுக்குள்ள ஏலம் முடிஞ்சிரும். இனியும் மறைச்சா பாவம். அந்த எண்பத்தெட்டு வேற யாருமில்ல, ஒங்க மச்சான்தான்” என்றான்.

மச்சான்! நீயா?

படம் போட்ட அன்றைக்கே தையல் பெண்கள் போனில் பார்த்து உன் அக்காளிடம் காட்டியிருக்கிறார்கள். அவள் நேரே பாறைக்கு ஓடி உனக்குப் போன் போட்டிருக்கிறாள். “தம்பி, எப்பாடு பட்டாவது அத எடுத்துரு. தெரியாமக் குடுத்துட்டாரு. தெரிஞ்சா ஒன் மச்சான் மனசு ஒடஞ்சு போயிருவாரு. அவுங்க அம்மா மழையில சொமந்து வந்த சேலைடா.” மலை முழுக்கக் கேட்டிருக்கிறது. என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். “ஏண்டா, ரெண்டு பேரும் ஒருத்தனுக்கொருத்தன் ஏத்துறோம்னு ஒனக்குத் தெரியும்ல, மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்று ஜெயரூபனைக் கேட்டேன். “கோயிலுக்குத் தகரம் கொறஞ்சுச்சு மாமா. நேத்தோட சரியாப் போச்சு” என்கிறான். பட்டதாரி!

மேலே எழுதிய சாபத்தையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். முதலில் விரலை வாபஸ் வாங்குகிறேன், பிறகு கடையை. கட்டையையும் சேர்த்துக்கொள். கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை, இந்தப் பக்கங்களைப் படம் பிடித்துப் பாறையிலிருந்து உனக்கு இப்போதே அனுப்ப ஜெயரூபன் வாசலில் நிற்கிறான். இனி நீ அமுக்காதே. நான் கொடுத்த பொருளுக்கு என் ஆடுகள் போகட்டும். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும் உன் அக்காளுக்குத் தெரிய வேண்டாம். எனக்காக இத்தனை நாள் வெறுங்கையோடு விறகு பொறுக்கியவள், அவள் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது.

இதோ அவளே வந்து தேத்தண்ணியை வைத்துவிட்டு, “யாருக்குங்க கடுதாசி?” என்றாள். “தம்பிக்கு” என்றேன். பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “அப்புடியா? நல்லா இருக்கானான்னு கேளுங்க. அவங்கூடப் பேசி எம்புட்டு நாளாச்சு” என்கிறாள்.

ஆகவே கேட்கிறேன். நல்லா இருக்கியா, மச்சான்?